எல்லாம் தெரிந்த புதுத் தம்பி: ஹெல்ப்டெஸ்க்கில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் ஐ.டி. பிரிவில் வேலை. நாங்கள் ஐந்து பேர், கம்ப்யூட்டர்கள் 300 இருக்கும். ஒன்பது வருடத்தில் என் பக்கத்து நாற்காலிக்கு ஆறு பேர் புதிதாக வந்தார்கள். அதில் நான்கு பேருக்கு ஒரே கோளாறு: வந்த முதல் வாரமே எல்லாம் தெரிந்துவிட்டது. ஐந்தாவது ஆள் நான்தான் என்று என் பழைய சீனியர் இன்றும் சொல்வார். அந்தக் கணக்கை இங்கே சேர்க்கவில்லை. நான்கில் ஒருவர் பெண். கோளாறில் வித்தியாசம் ஏதும் இல்லை என்பதால் எழுத வசதிக்கு 'தம்பி' என்றே வைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்குத் தெரிகிற அறிகுறியைக் கீழே தேடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், கைக்கடிக்கிற காரணம் கடைசியில். அந்த வரிசையிலேயே போங்கள். எடுத்த எடுப்பில் எச்.ஆருக்கு மெயில் போடுவது, பிரிண்டர் ஓடவில்லை என்றதும் மதர்போர்டைக் கழற்றுவது மாதிரி.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை: டிக்கெட் (பயனர் பதிவு செய்யும் புகார்) வரலாறு, விண்டோஸ் நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவுகளை, அதாவது லாகை, ஈவெண்ட் வியூவரில் படிக்கும் அனுமதி, டீக்கு இருபது ரூபாய்.

அறிகுறி 1: மூடிய டிக்கெட் அரை மணியில் திரும்பத் திறக்கிறது

அதிகம் வருவது இதுதான். அவன் மூடிய பத்து டிக்கெட்டுகளைத் திறந்து பாருங்கள். என்ன செய்தான் என்று எத்தனையில் எழுதியிருக்கிறது?

*எழுதியிருக்கிறது, ஆனாலும் திரும்ப வருகிறது என்றால்:* பெரும்பாலும் "ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன்" என்று இருக்கும். பயனர் ரீஸ்டார்ட் செய்திருக்க மாட்டார்; ஷட் டவுன் கொடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்திருப்பார். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருக்கும் விண்டோஸில் இரண்டும் ஒன்றல்ல; ஷட் டவுனில் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், சி.பி.யு.வுக்குக் கீழே 'அப் டைம்' எத்தனை நாள் என்று அவனுக்கு ஒரு தடவை காட்டுங்கள். "நேத்து நைட்டு ஆஃப் பண்ணிட்டுத்தான் போனேனுங்க" என்று சொன்னவரின் மெஷின் பதினொரு நாளாக ஓடிக்கொண்டிருப்பதை ஒரு முறை பார்த்தால் போதும். அடுத்த தடவை அவனே போய்ப் பார்ப்பான்.

*எதுவுமே எழுதவில்லை என்றால்:* எண்ணிக்கையைச் சந்தேகப்படுங்கள். எங்கள் பிரிவில் யார் எத்தனை டிக்கெட் மூடினார்கள் என்று திங்கட்கிழமை போர்டில் எழுதுவார்கள். புதுப் பையனுக்கு அந்த எண்தான் மார்க் ஷீட். கோளாறு பையனிடம் இல்லை, போர்டில் இருக்கிறது. பக்கத்திலேயே 'திரும்பத் திறந்தவை' என்று இன்னொரு கட்டம் போடச் சொல்லிக் கேட்டேன். மூன்று மாதம் ஆனது. போட்ட வாரத்திலிருந்தே குறிப்புகள் நீள ஆரம்பித்தன, என்னுடையதும் சேர்த்து.

*ஒரே பயனர், ஒரே கோளாறு, ஒரு நாளில் நான்கு டிக்கெட் என்றால்:* அக்கவுண்ட் லாக். தம்பி ஒவ்வொரு முறையும் அன்லாக் செய்து மூடிவிடுகிறான். எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கண்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் 4740 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடச் சொல்லுங்கள். தப்பான பாஸ்வேர்ட் எந்த மெஷினிலிருந்து வருகிறது என்ற பெயர் அதில் இருக்கும். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும் போன் மெயில், இல்லாவிட்டால் சேமித்து வைத்த நெட்வொர்க் டிரைவ், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று.

மேலே தள்ள வேண்டிய இடம்: அந்தப் பெயர் யாருக்கும் தெரியாத மெஷினாக இருந்தால், அல்லது ஒரே நேரத்தில் பல பேருடைய அக்கவுண்ட் பூட்டிக்கொண்டால், யாரோ பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கிறார்கள். நீங்களும் வேண்டாம், தம்பியும் வேண்டாம். பாதுகாப்பைப் பார்க்கிற ஆளிடம் அப்போதே கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 2: பயனர் பேசி முடிக்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது

"நெட் வரலைங்க" என்று அக்கவுண்ட்ஸ் அக்கா ஆரம்பித்ததும் "கேபிளைப் புடுங்கி மாட்டுங்க" என்பான். எங்கள் ஆலையில் 'நெட் வரல' என்பதற்கு எனக்குத் தெரிந்தே ஐந்து அர்த்தம்: டேலி திறக்கவில்லை, ஜி.எஸ்.டி. தளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை மெஷின் பார்க்கவில்லை, வாட்ஸ்அப் வெப் வெளியே தள்ளிவிட்டது. ஐந்தாவதாக, நிஜமாகவே நெட் வரவில்லை.

இரண்டு மூன்று அழைப்புகளுக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முன்பு கால் சென்டரில் இருந்தவன் என்றால் காரணம் சுலபம். அங்கே அழைப்பு நீண்டால் சூப்பர்வைசர் தலைக்கு மேல் வந்து நிற்பார். இங்கே யாரும் நிற்க மாட்டார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அதிலேயே சரியாகிவிடுவார்கள்.

ஆகாவிட்டால் அந்த இருபது ரூபாய். சீட்டில் வைத்துத் திருத்தினால் நான்கு பேர் பார்ப்பார்கள், அவன் முறுக்கிக்கொள்வான். டீக்கடையில் கேளுங்கள்: "நேத்து அக்கவுண்ட்ஸ் அக்கா கூப்பிட்டாங்களே, கடைசியா என்னதான்டா பிரச்சனை?" டோக்கன் கழன்றிருந்தது என்பதை அவன் வாயாலேயே சொல்லவிட்டு டீயைக் குடியுங்கள். அதோடு அடுத்த அழைப்புக்கு ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள்: "ஸ்கிரீன்ல என்னங்க எழுதியிருக்கு?" நிஜமாகவே நெட்தான் என்று தோன்றினால் ஐ.பி. முகவரியைப் பார்க்கட்டும். 169.254 என்று தொடங்கினால் மெஷினுக்கு முகவரி கொடுக்க ஆள் இல்லை. கேபிள், சுவிட்ச், முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. சர்வர் என்று அந்த வரிசையில் தேடலாம்.

மாதம் 20ஆம் தேதி, ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற மாத வரிக் கணக்கின் கடைசி நாளில், அக்கவுண்ட்ஸ் அழைப்பை அவனுக்குக் கொடுக்காதீர்கள். இது அவன் நன்மைக்கு.

அறிகுறி 3: யாரும் கேட்காததைச் சரிசெய்கிறான்

அவன் சேர்ந்து இரண்டாவது வாரம், காலை ஒன்பதரை மணி. டிஸ்பாட்ச் கேட்டிலிருந்து போன்: எடைமேடையில் எடை வரவில்லை. வெளியே ஏழு லாரி. பில் போட எடை வேண்டும். டிரைவர்கள் ஹாரனைக் கையிலிருந்து எடுக்கவில்லை.

தம்பி எனக்கு முன்னாடியே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டான். "டிரைவர் கரப்ட் ஆயிருச்சுங்ணா. விண்டோஸ் போட்டுரலாம், ரெண்டு மணி நேரம்." அவன் சொன்னது சாதனத்தை இயக்கும் மென்பொருளை; லாரி டிரைவர் என்று நினைத்து செக்யூரிட்டி தாத்தா திரும்பிப் பார்த்தார்.

எடைமேடை பழைய சீரியல் கேபிளில் பேசும். அதை யு.எஸ்.பி.யாக்க ஒரு கன்வெர்ட்டர் உண்டு, மெஷினுக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட துளையில் இருக்கும். இப்போது முன்னால் இருந்தது. "இது எப்படா இங்க வந்துச்சு?" "நேத்து சாயங்காலம் ஒயரெல்லாம் கச்சாமுச்சான்னு கெடந்துச்சுங்ணா, டேக் போட்டு நீட்டாக் கட்டி விட்டேன்." துளை மாறியதும் விண்டோஸ் அதற்குப் புது காம் போர்ட் எண் கொடுத்துவிட்டது. மூன்றாக இருந்தது ஏழாகிவிட்டது. எடை மென்பொருளோ மூன்றின் வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கிறது. பழைய துளைக்கு மாற்றினோம். இரண்டு நிமிடம்.

(துளையே உடைந்துவிட்டால்: டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்டு அமைப்பில் எண்ணை மாற்றலாம். பழைய எண் 'பயன்பாட்டில் உள்ளது' என்று அடம்பிடித்தால், மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லி, பழைய பதிவை நீக்கிவிட்டு மாற்றுங்கள்.)

எனக்கு அன்று உறைத்தது ஒன்று. ஒயரைக் கட்டியது பெரிய விஷயமில்லை. கோளாறு வந்ததும் சந்தேகப் பட்டியல் போட்டான் அல்லவா, அதில் விண்டோஸ் இருந்தது, டிரைவர் இருந்தது, எடைமேடைக் கம்பெனிகூட இருந்தது. நேற்று சாயங்காலம் தான் செய்தது மட்டும் இல்லை. இந்த அறிகுறியின் அடையாளமே இதுதான்.

*முதல் சோதனை:* "நேத்து வரைக்கும் ஓடுச்சு. நடுவுல யார் என்ன தொட்டீங்க?" இதை அவனைப் பார்த்துக் கேட்காதீர்கள், அறையைப் பார்த்துக் கேளுங்கள். பதிலையும் நீங்களே தொடங்குங்கள்: "நான் நேத்து ஸ்டோர்ஸ்ல ஒரு சுவிட்ச் போர்ட் மாத்தினேன்." பெரியவர் ஒப்புக்கொண்ட பிறகு சின்னவர் ஒப்புக்கொள்வது சுலபம்.

*பதில் வரவில்லை என்றால்* லாகுக்குப் போகலாம். பாஸ்வேர்ட் ரீசெட் 4724, குழுவில் ஆள் சேர்த்தது 4728 அல்லது 4732. கேள்வியைக் கேட்கும் முன்பே லாகை எடுத்து நீட்டினால் அவன் திருந்த மாட்டான். லாகில் விழாமல் செய்யக் கற்றுக்கொள்வான்.

காரணங்கள், மலிவானதிலிருந்து:

யாரும் சொல்லவில்லை. எங்கள் எடைமேடைக் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. 'பின்பக்க யு.எஸ்.பி.யைக் கழற்றாதே' என்று அன்றுதான் ஒட்டினேன். ஒன்பது வருடமாக என் தலையில் மட்டும் இருந்த விஷயம் அது.

அனுமதி அதிகம். தனிக் குழு அமைக்கச் சோம்பல்பட்டு, வந்த அன்றைக்கே டொமைன் அட்மின், அதாவது எங்கும் எதையும் மாற்றும் அனுமதி, கொடுத்துவிடுகிறோம். பாஸ்வேர்ட் ரீசெட், அன்லாக் இரண்டை மட்டும் ஆக்டிவ் டைரக்டரியில் (பயனர் கணக்குகளின் மையப் பட்டியல்) பிரித்துக் கொடுக்க முடியும். அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

மாற்றங்களை எழுதிவைக்கும் நோட்டு இல்லை. பெரிய மென்பொருள் வேண்டாம், பகிர்ந்த எக்செல் போதும்.

எல்லாம் இருந்தும் செய்கிறான். இதுதான் விலை அதிகமானது. தேதி, டிக்கெட் எண், நின்றுபோன நேரம், மூன்றையும் எழுதி மேலாளரிடம் கொடுங்கள். 'ஆணவம்', 'அலட்சியம்' போன்ற சொற்களை எழுதாதீர்கள். 'ஏழு லாரி, 40 நிமிடம்' என்று எழுதுங்கள்.

கைவைக்காமல் நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: ஃபயர்வால். முன்பிருந்த ஒருவன், எம்.டி. வீட்டிலிருந்து வேலை பார்க்கட்டும் என்று ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 போர்ட்டை இணையத்துக்கே திறந்துவைத்தான். "எம்.டி.யே கேட்டாருங்ணா" என்றான். இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் மூடுங்கள், பேச்சு பிறகு. வெளியிலிருந்து யாராவது உள்ளே வந்த தடம் இருந்தால் அந்த மெஷினின் நெட்வொர்க் கேபிளை எடுங்கள். ஃபார்மட் செய்யாதீர்கள், தடயம் போய்விடும். சைபர் தாக்குதல் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. "இருங்ணா, நானே பாத்தர்றேன்" என்பதற்கே அந்த ஆறு மணி நேரமும் போய்விடும்.

அறிகுறி 4: "பேக்கப் இருக்குதுங்ணா" என்கிறான்

மூன்று கேள்வி: எங்கே இருக்கிறது? எப்போது எடுத்தது? திறந்து பார்த்தாயா? மூன்றாவதுக்கு மௌனம் என்றால் பேக்கப் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுவோரின் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு எஞ்சினியர் தவறான சர்வரில் இருந்துகொண்டு ஏறத்தாழ 300 ஜி.பி. டேட்டாபேஸை அழித்தார். பேக்கப்புக்கும் நகலெடுப்புக்கும் ஐந்து வழி வைத்திருந்தார்கள்; ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நகல்) காப்பாற்றியது. நடந்ததை அவர்களே பொதுவெளியில் எழுதினார்கள். நான் ஒவ்வொரு புதியவருக்கும் முதல் வாரம் சொல்லும் கதை இது. அந்த எஞ்சினியர் கற்றுக்குட்டி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

ஏற்கெனவே அழித்துவிட்டான் என்றால், எதை என்பதைப் பொறுத்து:

*அவுட்லுக்கின் ஓ.எஸ்.டி. கோப்பு:* பதற வேண்டாம். சர்வரில் இருப்பதன் நகல்தான், மறுபடி இறங்கிவிடும்.

*பி.எஸ்.டி. கோப்பு:* பதறலாம். பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் பயனரின் பழைய மெயிலுக்கு அது ஒன்றுதான் வீடாக இருக்கலாம். மெஷினைத் தொடாதீர்கள்.

*ஆக்டிவ் டைரக்டரி பயனர்:* ரீசைக்கிள் பின் இயக்கப்பட்டிருந்தால் அப்படியே எடுக்கலாம். வழக்கமாக 180 நாள் இருக்கும். தானாக இயங்காது, யாராவது முன்பே இயக்கியிருக்க வேண்டும். "அதே பேர்ல புதுசா கிரியேட் பண்ணிட்டேங்ணா" என்பான். பெயர்தான் அதே, உள்ளே அடையாள எண் வேறு. பழைய அனுமதி ஒன்றும் ஒட்டாது.

*டேலி டேட்டா ஃபோல்டர்:* 'முந்தைய பதிப்புகள்' பகுதியைப் பாருங்கள், பிறகு நேற்றைய பேக்கப். இரண்டும் இல்லையென்றால் கையை எடுங்கள்.

நிபுணர்: பி.எஸ்.டி.யோ டேலியோ போய், பேக்கப்பும் இல்லை என்றால் மெஷினை அணையுங்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்தால் தேடுகிற கோப்பின் மேலேயே அது உட்கார்ந்துவிடலாம். எஸ்.எஸ்.டி. என்றால் நேரமும் குறைவு, நம்பிக்கையும் குறைவு. அதில் தானாக நடக்கும் ட்ரிம் என்ற வேலை, அழித்ததைத் துடைத்துக்கொண்டே போகும். டிஸ்க்கில் டக் டக் சத்தம் கேட்டால் டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க்கை ஓட்டாமல் டேட்டா மீட்பு ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். செலவு பல ஆயிரம் வரும் என்பதை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அறிகுறி 5: போனிலேயே பாஸ்வேர்ட் சொல்லிவிடுகிறான்

இதற்கு மலிவான காரணம், விலையான காரணம் என்று வரிசை கிடையாது. அன்றே நிறுத்துங்கள். "குரல் தெரியுங்ணா, பர்ச்சேஸ் மேனேஜர்தான்" என்பது சரிபார்ப்பு ஆகாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, நம் பட்டியலில் உள்ள எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும்.

அமெரிக்காவின் க்ளோராக்ஸ் நிறுவனம் 2025 ஜூலையில், தன் ஹெல்ப்டெஸ்க்கை நடத்திய காக்னிசன்ட் மீது வழக்குப் போட்டது. 2023 தாக்குதலின்போது ஹெல்ப்டெஸ்க்கில் இருந்தவர்கள் அழைத்தவர் யாரென்று கேட்காமலே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு, கேட்ட இழப்பீடு 38 கோடி டாலர். காக்னிசன்ட் பொறுப்பை மறுத்தது. வழக்கு எப்படிப் போனாலும், தம்பியிடம் அந்தத் தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். போன் கால்குலேட்டரைப் படுக்கவைத்துப் பிடித்தால்தான் இலக்கங்கள் வசதியாகத் தெரியும்.

அறிகுறி 6: பயனர் முன்னாலேயே உங்களைத் திருத்துகிறான்

முதல் காரணம், எல்லாவற்றிலும் மலிவானது: அவன் சொல்வது சரி.

மார்க்கெட்டிங் பிரிவில் ஒரு பிரிண்டர் வாரம் இரண்டு முறை ஆஃப்லைன் ஆகும். நான் போவேன், பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைக்கும் ஸ்பூலரை நிறுத்துவேன், தேங்கிய வேலைகளை அழிப்பேன், மறுபடி ஓட்டுவேன். இரண்டு வருடமாக இதே பூசை. ஒரு நாள் பின்னால் நின்றவன், "இது டபிள்யூ.எஸ்.டி. போர்ட்ல இருக்குதுங்ணா. டி.சி.பி. ஐ.பி. போர்ட் போட்டு, பிரிண்டருக்கு முகவரியை ஃபிக்ஸ் பண்ணிட்டா வராது" என்றான். மார்க்கெட்டிங் மேடம் என்னைப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "அதெல்லாம் இங்க ஒத்துவராது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள், அவன் வருவதற்கு முன், செய்து பார்த்தேன். அதன் பிறகு அந்த பிரிண்டருக்கு டிக்கெட் வரவில்லை. அவனிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் யாருடைய கோளாறு என்று எந்த லாகிலும் பதிவாகவில்லை.

*சோதனை:* "சும்மா கெடக்கற மெஷின்ல காட்டு." சரியாக இருந்தால் அவன் பெயரிலேயே எழுதிவையுங்கள். பாதி சரி என்றால் மீதிப் பாதியை அங்கேயே இரண்டு பேரும் பார்க்கலாம். தவறாக இருந்தால் உடைவது ஒரு பழைய மெஷின்தான். பயனர் முன்னால் திருத்துவதை மட்டும் தனியாகச் சொல்லிப் புரியவைக்கலாம். பொதுவாக ஒரு முறை சொன்னால் போதும்.

அறிகுறி 7: திடீரென்று சத்தமே இல்லை

மற்ற ஆறும் சத்தம் போடும். இதற்கு எச்சரிக்கை ஒலி கிடையாது. காலையிலிருந்து "அது ஒண்ணுமில்லீங்ணா" ஒரு தடவைகூட வரவில்லை, சாப்பிடவும் வரவில்லை, ஹெட்செட் காதில் இருக்கிறது ஆனால் அழைப்பு இல்லை. எதையோ உடைத்துவிட்டான், தானே ஒட்டப் பார்க்கிறான்.

உடம்பு சரியில்லையா, வீட்டில் ஏதாவதா என்று முதலில் கேளுங்கள். நான்கில் ஒரு முறை அதுவாகத்தான் இருக்கும். அது இல்லையென்றால் "என்னடா பண்ணின?" என்று கேட்காதீர்கள். உங்கள் கதையில் ஒன்றை எடுத்து விடுங்கள்.

நான் சொன்னது என் முதல் வருடத்தில் நடந்தது. அக்கவுண்ட்ஸ் ஹெட் கம்ப்யூட்டரை டொமைனிலிருந்து வெளியே எடுத்து, ரீஸ்டார்ட் கொடுத்த பிறகுதான், இனி உள்ளே போகத் தேவையான, அந்த மெஷினுக்கே உரிய லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது என்று நினைவுக்கு வந்தது. தேதி 19. மதியம் முழுக்க பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"அப்பறம் என்னங்ணா பண்ணீங்க?"

"சாயங்காலம் சீனியருக்கு போன் போட்டேன். மத்தியானமே போட்டிருந்தா திட்டு பாதியா இருந்திருக்கும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு டிராயரைத் திறந்து ஒரு லேப்டாப்பை எடுத்து மேசை மேல் வைத்தான். ஹெச்.ஆர். மேனேஜருடையது. கேட்காமலே பயாஸ் அப்டேட் போட்டிருக்கிறான், அதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தவில்லை. நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண் கேட்டுக்கொண்டிருந்தது.

*இதே நிலைமை உங்களுக்கு வந்தால்:* ஊகிக்க முயல வேண்டாம். திரையில் மீட்பு எண்ணுக்கான அடையாளம் இருக்கும். அதன் முதல் எட்டு எழுத்துகளைக் குறித்துக்கொண்டு ஆக்டிவ் டைரக்டரியிலோ, மேகத்தில் (கிளவுட்) வைத்திருந்தால் மைக்ரோசாஃப்டின் என்ட்ராவிலோ தேடுங்கள். எங்கும் பதிவாகவில்லை, பயனரிடமும் நகல் இல்லை என்றால் அழைக்க நிபுணர் யாரும் இல்லை. உள்ளே இருப்பது போனதுதான்.

அவன் எட்டு எழுத்துகளைப் படித்தான், நான் தேடினேன். இருந்தது. 48 இலக்கத்தை ஆறு ஆறாக நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். ஐந்தாவது தொகுதியில் ஒரு இலக்கத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன்.

"ஏழா, ஒண்ணாங்ணா?" என்று கேட்டான். வந்த நாளிலிருந்து வேலையில் சந்தேகம் என்று அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.